தாத்தா சொன்ன ஊர்

பிள்ளைகளே, போன வருஷம் தைப்பொங்கலன்று இலங்கை மலைநாட்டில், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டில் தொடங்கிய கதை இது.

என் அம்மாவின் அப்பா சின்ன வயதிலேயே இந்தியாவிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர். இரண்டாம் உலகப் போர் நேரம் பட்டாளத்தில் சேர்ந்தார். அம்மா அப்போது பாட்டியின் வயிற்றில். போனவர் திரும்பவே இல்லை. வேறு குடும்பம் கட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிறார் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பேசினார்கள். அம்மா யாருடனாவது சண்டை போட்டால், 'ஓடிப்போனவன் மகளுக்கு வாயைப் பாரு' என்பார்களாம். பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

எண்பது தாண்டிய அம்மா அந்தப் பொங்கலன்று என்னிடம் கேட்டார்: "எங்கப்பா செத்தாரா, எங்கள விட்டுட்டுப் போனாரா? நான் போறதுக்குள்ள அது தெரிஞ்சாப் போதும் தம்பி."

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பண்டாரவளை மரக்கறிக் கடையில் வேலை. எங்கே போய்த் தேடுவது? விசாரித்தபோது, போரில் இறந்த சிப்பாய்களின் பெயர்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. போனில் தாத்தாவின் பெயரைப் போட்டேன். அதே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள். கூடவே பதுளை என்று போட்டால் ஒருவருமில்லை.

இறப்புப் பதிவாவது இருக்குமோ என்று பதுளைக் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பொறுமையாகத் தேடிவிட்டு இல்லை என்றார். பிறகு சும்மா பேச்சுக்கு, "தம்பி, உங்கட ஊர் எது?" என்று கேட்டார்.

"துறையூருங்க, திருச்சிப் பக்கம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே திக்கென்றது. தாத்தா பிறந்த துறையூரை நான் பார்த்ததே இல்லை. கடல் தாண்டியதும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிறந்தது தோட்டத்தில் என்றாலும், ஊர் என்று கேட்டால் இந்தியாவில் உள்ள ஊரைத்தான் சொல்வோம். நானே இப்படிச் சொன்னால், பட்டாளத்தில் கேட்டபோது தாத்தா என்ன சொல்லியிருப்பார்?

கச்சேரி வாசலில் நின்றபடியே தாத்தாவின் பெயரோடு துறையூர் என்று போட்டுத் தேடினேன். வந்துவிட்டார். பர்மாவில் இறந்திருக்கிறார். அங்கே ஒரு நினைவுச் சுவரில் அவர் பெயர் இருக்கிறதாம். கீழே அவருடைய அப்பாவின் பெயர். அடுத்து, இன்னாரின் கணவர் என்று பாட்டியின் பெயர். சாவுச் செய்தி துறையூருக்குத்தான் போயிருக்க வேண்டும். இங்கே மலையில் காத்திருந்த பாட்டிக்கு யார் சொல்வது?

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன்.

"எங்கம்மா பேரு இருக்கா? நல்லாப் பாத்தியா?"

"இருக்கும்மா."

"அடுத்த வீட்டுக்காரியக் கூப்புடு. அவ முன்னால இன்னொரு தடவ படி" என்றார்.

சண்டை வந்தால் இன்றைக்கும் 'ஓடிப்போனவன் மகள்' என்று சொல்லிக் காட்டும் அந்த அம்மாள் வந்து நின்று, கடைசி வரை கேட்டார். மறுநாள் அம்மா தன் அப்பாவுக்கு முதல் தடவையாகப் படையல் போட்டார்.

தாத்தா திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது, ஓடிப்போனார் என்பதை நாங்களே சேர்த்துக்கொண்டோம். இப்போதெல்லாம் ஒருவரைப் பற்றி ஏதாவது சொல்ல வாய் திறக்கும்போது, இதில் எனக்குத் தெரிந்தது எவ்வளவு, நானாகச் சேர்த்தது எவ்வளவு என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன்.