டிரங்க் கால் போட்டவரின் குரல்

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஏறிப் போய் ஹெட்செட்டை மாட்டினால், ஊரிலுள்ள ஆண்கள் முகமில்லாமல் என்னிடம் வந்து பேசுவார்கள். ஆண் ஆபரேட்டரிடம் “சார், செத்த பாத்துப் போடுங்க” என்று குழைகிறவரே, என் குரல் கேட்டதும் அதட்ட ஆரம்பிப்பார்.

அதில் மோசமானவர் ஒரு பேண்டேஜ் துணி வியாபாரி. தினமும் கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் புக் பண்ணுவார்; வெளியூர் லைனை அப்போது நாங்கள்தான் போட்டுத் தர வேண்டும். லைன் கிடைக்கத் தாமதமானால், “ஏட்டி, தூங்குறியா? எவன்கிட்ட பல்லக் காட்டிக்கிட்டு இருக்க?” என்பார். எங்கள் வீட்டிலும் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வாயில் அது கொஞ்சல். இவர் வாயில் காறித் துப்பியது மாதிரி இருக்கும்.

ஒருநாள் மரியாதையாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் பொம்பளை வாயாடுகிறாள் என்று மதுரையிலிருக்கும் மேலதிகாரிக்கு எழுதிப்போட்டு வேலையைக் காலி பண்ணிவிடுவேன் என்றார். சேர்ந்த புதிது. பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். “அப்படி வா வழிக்கு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பஸ்ஸில் வீடு வரைக்கும் என்கூடவே வந்தது.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தரகர் கொண்டுவந்த இடம், ராஜபாளையத்தில் வியாபாரக் குடும்பம் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்; பெண்ணுக்குக் கவர்மெண்ட் வேலை என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என் அப்பாவிடம் பஸ் கூட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அடுப்படியில் நின்ற எனக்கு அந்தக் குரல் உடனே பிடிபட்டது. சந்தோஷம் வந்தது. நிஜமாகவே சந்தோஷம்.

முகத்தை அன்றுதான் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு, சாந்தமான முகம். காப்பியை வாங்கிக்கொண்டு “உக்காரு தாயி” என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம், கவர்மெண்ட் வேலையை யார் விடுவார்கள், தங்கள் வீட்டில் பெண்களுக்குத் தனி மரியாதை உண்டு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், பெண் ஒரு வார்த்தை பேசவில்லையே என்றார்.

நான் ஹெட்செட் போட்டுப் பேசுகிற குரலில், “உங்ககிட்ட தினமும் பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். கோயம்புத்தூர் லைன் கேப்பீகளே” என்றேன்.

வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மனசில்லை. தூங்குறியாவில் ஆரம்பித்து பல்லைக் காட்டுவது வரைக்கும், அவர் இழுக்கிற அதே இழுவையோடு, ஒரு சொல் விடாமல் அவர் மனைவி, மகன் முன்னால் சொல்லிக் காட்டினேன்.

மகன் தரையைப் பார்த்தான். வந்ததிலிருந்து வாய் திறக்காமல் இருந்த அந்த அம்மாள் என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“வீட்டுலயும் அவிய பேச்சு இதுதான்.”

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். வாய்க்கொழுப்புப் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பேச்சாகி, வந்துகொண்டிருந்த வரன்கள் நின்றுபோயின. அப்பா பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் வலித்தது. ஆனால் அன்றைக்குச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்க எனக்குத் தோன்றியதில்லை.

அதன்பிறகு அந்த வியாபாரி தன் கணக்குப்பிள்ளையை விட்டு கால் புக் பண்ணினார். நான் விடவில்லை. போனுக்குச் சொந்தக்காரரே வந்து பேச வேண்டும் என்பேன். அப்படி ஒரு ரூல் கிடையாது. அவர் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு “மேடம்” என்பார். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்பேன். சொல்லுவார்.

தொண்ணூறுகளில் எஸ்.டி.டி. வந்தது. அவரவரே நம்பரைச் சுழற்றிக்கொண்டார்கள். ஊரே கொண்டாடியது. எனக்கு மட்டும், மனுஷன் தப்பித்துவிட்டாரே என்று இருந்தது.