டெலிபோன் பூத்தில் கேக்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் இருக்கும் எங்கள் கடை பத்தடி அகலம்தான். தாத்தா அதில் காபிப் பொடி அரைத்து விற்றார். அப்பா டெலிபோன் பூத் வைத்தார், பிறகு ஜெராக்ஸ். புதுத் தொழில் தொடங்கும்போது பழையதை வெளியே போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ஓடாத அரவை மெஷினும் கண்ணாடி பூத்தும் இன்னும் கடைக்குள்ளேயே நிற்கின்றன.

நான் எம்பிஏ முடித்த கையோடு, முட்டையில்லாத கேக் விற்கப் போகிறேன் என்று வந்து நின்றேன். எனக்கு வேண்டியதெல்லாம் கடையின் முன்பக்கம், ஜெராக்ஸ் மெஷின் நிற்கிற இடம். மூன்று மாதமாக அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம், "ஒரு நாள் உள்ள தள்ளித்தான் பாரேன்" என்றார்.

தள்ளினேன். வெயில் ஏறுவதற்குள் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் கேக்குகளுக்கு மேலே ஆதார் கார்டை நீட்டினார்கள்.

"மெஷின் எங்கம்மா?"

"உள்ள இருக்கு மாமா. கேக் பாருங்களேன், முட்டை கிடையாது."

"எனக்கு சுகர்ம்மா. ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்."

அரவை மெஷினைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் போய் வந்ததில் கால் ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் நானே ஜெராக்ஸ் மெஷினைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். அப்பா பூத்துக்குள் அடுக்கியிருந்த பேப்பர் கட்டுகளை வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார்.

"இதுல வை. ஈ மொய்க்காது."

வைத்தேன். தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. சந்தோஷப்படத்தான் எனக்குத் தெம்பில்லை.