ஜன்னலில் தொங்கிய ஈரச்சாக்கு

காலையில் பாசாரில், காய்கறிக் கடையோரம் மழையில் நனைந்த வெங்காயச் சாக்கைத் தாண்டும்போது அந்தப் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வாடை. அடுத்த நொடி, பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில், தகரக் கூரைக்குக் கீழே, எட்டு வயதுப் பெண்ணாகத் தனியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஒரே ஜன்னலில் கோணிச்சாக்கு தொங்கும். முன்பு நாங்கள் இருந்த சேலத்து வறண்ட வெயிலில் ஈரச்சாக்கு வழியே வரும் காற்று சில்லென்று இருக்கும். அந்தப் பழக்கத்தில், கப்பலைவிட்டு இறங்கிய வாரமே அம்மா ஆணி அடித்து மாட்டியது. அந்த வருஷமே காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். எஞ்சினுக்குக் கரி போடப் போகும் அப்பா தினமும் வாசலில் திரும்பி, "சாக்க நனைச்சு வைம்மா" என்பார். நானும் பகல் முழுக்கக் குவளை குவளையாக அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், அது சொட்டுகிற சத்தத்தையும் தூரத்து எஞ்சினின் பெருமூச்சையும் கேட்டுக்கொண்டும், இருட்டும் புழுக்கமுமான அந்த அறையில் அவர் வரும்வரை யாரோடும் பேசாமல் இருப்பேன்.

"இந்த ஊரு காத்துலயே தண்ணி நிக்குது. சாக்கு எங்க காயும்? காஞ்சாத்தானே குளிரும்? கழட்டிப் போடு லா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

ஒருநாள் கழற்றினேன். காற்று ஓடி வந்தது. கரி அப்பிய முகத்தோடு வந்த அப்பா, அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் கண்மூடி நின்றார்.

"நல்லா குளுகுளுன்னு இருக்கும்மா," என்றார்.

பிறகு சாக்கை வாளியில் முக்கி எடுத்து, அம்மா அடித்த அதே ஆணிகளில் மாட்டினார்.