தேன் நிறக் கண்

என் அண்ணன் செயற்கைக் கண் செய்பவர். அவர் வண்ணம் தீட்டுவார், நான் மெருகேற்றுவேன். வந்தவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மிச்சமிருக்கும் கண்ணைப் பார்த்தே வரைவார். போட்டோவை நீட்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "கண்ணைப் பார்த்துத்தான் கண்ணு வரையணும்" என்பார். பெரிய மேதை என்ற நினைப்பு!

பழைய பஸ் டிரைவர் ஒருவரிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. மகள் தவழ்ந்த காலத்தில் நடந்த விபத்தில் ஒரு கண் போய், இன்னொன்று வெளுத்துப் பார்வையும் போய்விட்டது. இரண்டுமே செய்தாக வேண்டும்.

"அழகுக்கு இல்லம்மா. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினா பேத்தி வீல்னு கத்துறா. ஒரு தடவையாவது அவ என் மடியில உக்காரணும்" என்றார்.

மனைவி உயிரோடு இல்லை. அந்தக் கண்ணின் நிறம் தெரிந்தவர் அவரோடு வந்திருந்த பழைய கண்டக்டர் ஒருவர்தான். "தேன் கலருங்க. பஸ் கண்ணாடியில தினம் பார்ப்பேனே!" என்றவர், அண்ணன் எடுத்துப்போட்ட மாதிரிக் கண் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார். மகளின் கண்களோ கன்னங்கரேல். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

வெளியூரிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்த மகளின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று விழித்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் விழுந்தது.

"அட, இதேதான்!" என்று துள்ளினார் கண்டக்டர்.

அண்ணன் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தப் பொண்ணு அப்பா கலரைத் தனக்கே தெரியாம உள்ள வெச்சிருந்து புள்ளைக்குக் குடுத்திருக்கு. மாப்பிள்ளை வீட்டுலயும் எங்கேயோ ஒளிஞ்சிருந்திருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் இப்படி வெளிய வரும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. விபத்தில் போனது கண் மட்டும்தான். அதன் நிறம் இத்தனை காலம் கறுப்புக்கு அடியில், கண்ணுக்கே தெரியாத ஒரு துளியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அவருக்கும் முன்னால் அது யார் யாருடைய கண்ணாக இருந்ததோ! அம்மாடி, நான் பாட்டுக்குத் தினமும் இதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்!

பேத்தியின் கண்ணைப் பார்த்தே அண்ணன் வரைந்தார். பொருத்திய அன்று குழந்தை தாத்தாவை முறைத்து முறைத்துப் பார்த்தது. பிறகு தானாகவே ஏறி மடியில் உட்கார்ந்துகொண்டது.

அவர் குழந்தையை அணைத்துக்கொண்டார். "கண்டக்டரே, இவ கண்ணு நிஜமாவே என் கண்ணு மாதிரியா?"

"அச்சு அசல் அதேதான்ணே."

குழந்தையின் இமையை மெல்லத் தடவினார்.

"அப்ப இவளை நான் பார்த்திருக்கேன்யா. தினம் ஷேவ் பண்றப்போ பார்த்திருக்கேன்."