லேத் மேல் உட்கார மறுத்தவன்

என் தம்பி போராடிக் காப்பாற்றிக்கொண்டவை இவை: இரண்டு கால், பத்து விரல், ஒரு முதுகெலும்பு. அந்த மேஸ்திரியின் கோஷ்டியில் இவ்வளவும் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

பட்டறை பட்டறையாகப் போய்க் கனமான மிஷின்களைத் தூக்கி இடம் மாற்றுவது அவர்கள் தொழில். மேஸ்திரிக்குக் கழுத்து உண்டு, அதற்கு மேலே ஒன்றும் கிடையாது. இரும்பு கடையும் லேத்துக்கு மோட்டார் இருக்கிற தலைப்பக்கம் கனம், வால்பக்கம் லேசு. செயின் கப்பியில் மாட்டிய பெல்ட்டை நட்டநடுவில் போட்டுத் தூக்கினால் தலை சாயும். இதற்கு மேஸ்திரி கண்ட வைத்தியம், வால்பக்கத்தில் ஓர் ஆளை ஏற்றி உட்கார வைப்பது. முன்பு உட்கார்ந்தவர் இப்போது கட்டைக்காலோடு வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். அடுத்து என் தம்பி. அவனுக்கு 'எடைக்கல்' என்று பட்டப்பெயர் வேறு.

நான் இரும்புத் துருவல் கூட்டும் பட்டறைக்கே ஒருநாள் லேத் நகர்த்த வந்தார்கள்.

"ஏறுடா எடைக்கல்."

"ஏறமாட்டேன் மேஸ்திரி. இப்பதான் புள்ள பொறந்திருக்கு."

"அடேயப்பா, தகப்பனாயிட்டாரு தொரை! ஏறலேன்னா நாளையிலேருந்து வராதே."

"சரி, வரலே."

மேஸ்திரி தன் மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு அந்த நிமிஷமே இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கூரையில் ஏதோ தேடினார்கள். வீம்புக்கு மேஸ்திரியே ஏறினார். செயினை இழுத்ததும் அவர் தொப்பைக்கு வால்பக்கம் தாழ்ந்தது, பெல்ட் வழுக்கியது, சாண் உயரத்திலிருந்து லேத் தொம்மென்று இறங்கியது. மேஸ்திரி கழிவெண்ணெய்த் தட்டில்.

"பெல்ட் சரியில்லே" என்றார் எழுந்து.

"பெல்ட்டு மேல பழி போடுங்க, பாவம், அது வாய் தெறக்காது" என்றேன் நான்.

பட்டறைக்காரம்மா தம்பியிடம் திரும்பினார். "நீ தூக்குவியா?"

"எல்லாரும் தள்ளி நிக்கணும்மா."

லேத்தின் நகரும் பாகங்களை வால்பக்கம் தள்ளி இறுக்கினான். பெல்ட்டைத் தலைப்பக்கமாக நகர்த்தினான். விரலளவு தூக்கினான், சாய்ந்தது. இறக்கி, பெல்ட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். இந்தத் தடவை மட்டமாக எழுந்தது. அடியில் உருளைக் குழாய்களை வைத்து இறக்கி, உருட்டிப் போய் இடத்தில் நிறுத்தினான். ஓர் ஆளும் மேலே இல்லை, கீழேயும் இல்லை.

இனி இந்தப் பட்டறை வேலை அவனுக்கே என்று அந்தம்மா ஒப்பந்தத்தை நீட்டினார்.

"அவனுக்கு எழுத எங்கம்மா தெரியும்? கைநாட்டுதான்!" மேஸ்திரி எண்ணெய் சொட்டச் சிரித்தார்.

தம்பி மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தான். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, பெயரை முழுசாக எழுதினான். அடியில் தேதியும் போட்டான்: 1987 ஆகஸ்ட் 19.