வெண்கலக் கதவருகே தியோடூல்

போப்பாண்டவரின் அரண்மனையில் வெண்கலக் கதவு என்றொரு வாசல். அங்கே நானும் தியோடூலும் எதிரெதிரே நின்று இரண்டு வருடம் காவல் காத்தோம். பட்டை பட்டையாகக் கோடு போட்ட உடுப்பு, கையில் கோடரி ஈட்டி. நான் லூசர்ன் ஊர்க் கசாப்புக்கடைக்காரன் மகன். கால் கடுக்கும், வயிறு கத்தும், முகத்துக்கு நேரே படம் பிடிப்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். தியோடூலுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவன் அங்கே இருந்தால்தானே?

வாலே மலையில் மாடு வளர்க்கும் குடும்பம் அவனுடையது. நின்ற இடத்திலிருந்தே மாடுகளை ஓட்டிக்கொண்டு மேல் மேய்ச்சலுக்குப் போய்விடுவான். காவல் மாறியதும் அன்றைய பயணத்தைச் சொல்வான்.

"இன்னைக்கு ஓடையில தண்ணி ஜாஸ்திடா. ஃபால்கா இறங்கவே மாட்டேன்னுட்டா."

"உன் மாடு கெடக்கட்டும். தளபதி உன் மூக்குக்கு நேரா வந்து நின்னாரே, அதாவது தெரிஞ்சுதா?"

"மூடுபனில யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு."

கிறுக்கன் என்று திட்டுவேன். ஆனால் தூண்களுக்கு நடுவே காலை வெயில் மெல்ல இறங்கும்போது எனக்கே மாட்டு மணி கேட்க ஆரம்பித்திருந்தது. ஈரப் புல் வாசனைகூட வந்தது.

ஒரே ஓர் இடம் மட்டும் அவன் கனவில் வராது. அவன் வீட்டு வாசல். மகன் ஊரை விட்டுப் போகும்போது அப்பா கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். அவன் அப்பா ஹிலார் போடவில்லை. "சொந்த மாட்ட விட்டுட்டு அடுத்தவன் வாசல்ல நிக்கப் போறவனுக்குச் சிலுவை எதுக்கு?" என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாராம். அதன்பிறகு பேச்சுவார்த்தையே இல்லை. அந்த வருட இலையுதிர் காலத்தில் தியோடூலின் சேவை முடிந்து ஊர் திரும்ப வேண்டும்.

"அவர் போடாம நான் எப்படிடா அந்தப் படி ஏறுவேன்?" என்பான்.

ஜூன் மாதம் ஒரு காலை, அவர்கள் ஊர்த் திருப்பயணிகள் வந்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குள்ளமான கிழவர் பிரிந்து வந்தார். கண்ணில் புரை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து நின்றார். கோட்டில் தொழுவ வாசனை.

"தியோ, பேசாத. நீ பேசக் கூடாதுன்னு தெரிஞ்சுதான் இப்ப வந்தேன். நீ பதில் சொன்னா என்னால சொல்ல முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காவலில் வாய் திறக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். திறந்தால் இந்த மனிதர் கூனிக் குறுகிப்போவாரே என்பது மறுபக்கம். மரமாக நின்றேன்.

"ஃபால்கா பனிக்காலத்துல செத்துட்டா. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. தொழுவத்துல உக்காந்து அழுதேன். அன்னைக்கு நான் பேசுனது தப்பு, மகனே."

நுனிக்காலில் எம்பி, என் நெற்றியில் சிலுவை போட்டார். விரல் சொரசொரவென்று இருந்தது.

எதிரே தியோடூலின் கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. ஈட்டி அசையவில்லை. அன்றுதான் முதல் முறையாக அவன் முழுசாக அந்தக் கதவருகே இருந்தான்.

மதியம் அப்பாவும் மகனும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் தியோடூல் உடை மாற்றும் அறைக்கு வந்தான்.

"ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னியா?"

"எப்படிடா சொல்றது? அத இன்னொரு தடவை சொல்ல அவரால ஆகாது. புல் அறுப்பப் பத்திப் பேசிட்டிருந்தோம். காலையில கொஞ்சம் சதை போட்ட மாதிரி தெரிஞ்சியேன்னு கேட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, என் முன்னால் தலை குனிந்தான்.

"அது உன்கிட்ட இருக்கு. குடுத்துரு."

இறைச்சி வெட்டிப் பழகிய கையை உடுப்பில் துடைத்துக்கொண்டேன். கட்டைவிரலை முதலில் என் நெற்றியில் ஒற்றினேன். பிறகு அவன் நெற்றியில், அவர் போட்டது போலவே மெதுவாகச் சிலுவை போட்டேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"வீட்டு வாசல் வந்துருச்சுடா," என்றான்.