பூனைக்கு எந்தக் கால் நொண்டி?

முன் அறையில் ஒரு கால் அழுந்தி விழுந்தது. மறு கால் தரையில் இழுபட்டது. உள் அறையில் மரக்கட்டை செதுக்கிக்கொண்டிருந்த செபஸ்தியானின் உளி நின்றுவிட்டது. இப்படி நொண்டி நடப்பவர் அவனறிய ஒருவர்தான்: ஒன்றியத் தலைவர் கைலாசம். அவரே நேரில் வந்துவிட்டாரா?

ஜவ்வரிசி மூட்டைகளில் ஆலையின் பெயரை மையால் பதிக்கும் தகடுகளை வெட்டிக் கொடுப்பது சேலத்தில் செபஸ்தியானின் பிழைப்பு. வாரத்துக்கு ஒன்றாக, உள்ளூர்ப் பத்திரிகைக்கு மரக்கட்டையில் கேலிப்படமும் செதுக்குவான். போன வருஷம், 1962இல், கைலாசத்தைக் கேலி செய்ததற்காக இரண்டு பேர் வந்து அவனுடைய இடது கை விரல்களை மிதித்து நசுக்கினார்கள். "இன்னொரு கை பாக்கி இருக்குது, ஞாபகம் வெச்சுக்க" என்றார்கள்.

அப்படியும் அவன் அடங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்த பால் பவுடர் கைலாசத்தின் வீட்டுக்குப் போவது தெரிந்ததும், மூட்டை சுமந்து நொண்டிப் போகும் பூனை ஒன்றைச் செதுக்கினான். பெயர் போடவில்லை. நொண்டிக் காலைப் பார்த்தாலே ஊருக்குப் புரியும் என்று நம்பினான்.

"யாருங்க அது?" மனைவி சகாயம்மாள் முன் அறைக்கு ஓடினாள்.

"பெரியசாமிங்க. திருச்செங்கோட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரு."

செபஸ்தியானுக்கு மூச்சு வந்தது. வெளியே வந்தான். ஐம்பது வயது மனிதர், தோய்த்து வெளுத்த சட்டை, உள்பக்கம் வளைந்த இடது பாதம்.

"பூனைப் படம் போட்டது நீங்களா சாமி?"

"ஏனுங்க?"

"எப்படிப் போடுறாங்கன்னு பாக்கோணும்னு ஆசை. பத்து நாளா ஊரே என்னைப் பூனை வாத்தியாருங்குது. கரும்பலகையில பிள்ளைங்க வாலு வரைஞ்சு வெக்குதுங்க. நல்லாத்தான் வரையுதுங்க." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "திங்கக்கிழமை விசாரணைன்னு ஆபீசுல இருந்து கடுதாசி வந்துருச்சு. வேலை போயிரும்போல. நான் எப்பங்க பால் பவுடர் மூட்டை தூக்குனேன்? அதை மட்டும் சொல்லுங்க."

செபஸ்தியான் பத்திரிகையை எடுத்துப் பார்த்தான். அச்சில் பூனைக்கு இடது கால் நொண்டி. கைலாசத்துக்கோ வலது கால்.

தகட்டை வெட்டினால், ஓட்டை வழியே மை இறங்கி, வெட்டியபடியே மூட்டையில் விழும். மரக்கட்டையோ கண்ணாடி மாதிரி, இடம் வலம் மாற்றிப் பதிக்கும். நாள் முழுதும் தகடு வெட்டிய கை, அன்றைய அவசரத்தில் கட்டையையும் தகடென்றே நினைத்துவிட்டது.

"கட்டையில தப்பாப் போச்சுங்க" என்றான். "அந்தக் கட்டையைக் காட்டுங்களேன்" என்றார் பெரியசாமி.

சகாயம்மாள் கணவனின் முன்னால் வந்து நின்றாள். "வேண்டாமுங்க. அதைக் காட்டுனா யாரைச் செதுக்குனீங்கன்னு தெரிஞ்சு போயிரும். மிச்சம் ஒரு கைதானே இருக்குது? அதுலதான் நம்ம ஊட்டு அடுப்பு எரியுது."

செபஸ்தியான் அவளைப் பார்த்தான். பிறகு வாத்தியாரின் பாதத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் கட்டையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தான்.

பெரியசாமி அதைப் பத்திரிகைக்குப் பக்கத்தில் பிடித்து, மாறி மாறிப் பார்த்தார். "இதுல வலது காலுங்க" என்றார். யாருடைய வலது கால் என்று கேட்கவில்லை. கைலாசத்தின் ஒன்றியத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. "இதை எடுத்துட்டுப் போகட்டுமா சாமி?"

"வெறுங்கட்டைய யாரு நம்புவாங்க? நீங்களே செதுக்குனதும்பாங்க."

கட்டையின் முதுகில் பென்சிலால் எழுதினான்: 'இதைச் செதுக்கியவன் நான். வலது காலைத்தான் செதுக்கினேன்.' கீழே பெயரும் தெருவும்.

சகாயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "விசாரணை எத்தனை மணிக்குங்க வாத்தியாரய்யா?" என்றாள்.

"பத்து மணிக்கும்மா."

"அதுக்கு முன்னால யாருக்கும் காட்டிப்போடாதீங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இவரைக் குமாரபாளையத்துல எங்கக்கா ஊட்டுக்கு அனுப்பிப்போடுறேன்."

பெரியசாமி இருவரையும் கும்பிட்டார். கட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, சகாயம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.